வயர் இல்லாத வீட்டுப் பாதுகாப்பு அமைப்பு: எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பெட்டியைப் பிரித்து, வீடு முழுக்க சென்சார் ஒட்டிவிட்டு, விடிந்ததும் சேலம் வண்டியைப் பிடிப்பவர்களைப் பெங்களூரில் நிறையப் பார்த்துவிட்டேன். ராமமூர்த்தி நகரில் என் வீட்டுக்குப் பொருத்தியதில் தொடங்கி, அல்சூர், முருகேஷ்பாளையா, விவேக் நகர் என்று சொந்தக்காரர்கள் வீடுகளிலும் தெரிந்தவர்கள் வீடுகளிலும் கூட இருந்து வேலை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வாங்கிய பொருள் நன்றாகத்தான் இருக்கும். பொருத்திய வரிசைதான் தப்பாகியிருக்கும். முதலில் கேமரா, அப்புறம் சென்சார், எல்லாச் சென்சாருக்கும் மையப் பெட்டியான ஹப்புக்கு எங்கே பிளக் காலியாக இருக்கிறதோ அங்கே இடம் என்று போவார்கள். நான் சொல்லப்போவது கிட்டத்தட்ட இதன் தலைகீழ்.

அமைப்பு வேலை செய்யும் விதத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். கதவு திறந்தால் சென்சார் வானொலி அலை வழியாக ஹப்புக்குச் சொல்கிறது. ஹப் சைரனை அலறவிட்டு, இணையம் அல்லது சிம் வழியாக உங்கள் போனுக்குச் சொல்கிறது. போனைப் பார்த்த யாரோ ஒருவர் வீட்டுக்கு ஓடுகிறார். இந்தச் சங்கிலியில் மூன்று கண்ணிகள். கடையில் எல்லோரும் முதல் கண்ணியைப் பற்றி மட்டும்தான் கேட்கிறோம்.

1. வாங்கும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள்

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைக் கிறுக்கிக்கொள்ளுங்கள். ஆள் உள்ளே வரக்கூடிய வழிகளை மட்டும் குறியுங்கள். முன்வாசல், பின்பக்க யூட்டிலிட்டிக் கதவு, மொட்டை மாடிக் கதவு, பால்கனி. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் கட்டிய வீடுகள் நம் ஏரியாக்களில் ஒன்றோடொன்று ஒட்டித்தான் நிற்கின்றன. பக்கத்து மாடியிலிருந்து ஒரு எட்டு வைத்தால் நம் மாடி. ஆனாலும் முன்வாசலுக்கு மூன்று பூட்டு போட்டு, மாடிக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளோடு விட்டுவிடுகிறோம்.

இரும்புக் கிரில் போட்ட ஜன்னல்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். காற்றுக்காக எப்போதும் திறந்து வைக்கும் ஜன்னலில் சென்சார் வைத்தால், நாலாம் நாளே அதை அணைத்துவிடுவீர்கள். அந்தப் பணத்தைக் கதவுகளுக்குச் செலவழியுங்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மூன்று நான்கு கதவு சென்சார், இரண்டு நடமாட்ட சென்சார், ஒரு ஹப், ஒரு சைரன் இருந்தால் தொடங்கப் போதும்.

2. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் நான்கு விஷயங்களைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

முதலாவது, அலைவரிசை. இந்தியாவில் இந்த மாதிரி சிறு கருவிகள் உரிமம் இல்லாமல் இயங்க 433 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை, 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆகியவை திறந்திருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாங்கி வந்த செட் பெரும்பாலும் 902க்கும் 928க்கும் நடுவில் இயங்கும். இங்கே 900ஐ ஒட்டிய பகுதி மொபைல் நிறுவனங்களுக்குரியது. ஆசையாகக் கொண்டுவந்தது என்றாலும் அதைப் பொருத்தாதீர்கள்.

இரண்டாவது, சென்சாரும் ஹப்பும் இருவழியாகப் பேசுகின்றனவா என்பது. மலிவான 433 செட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு சென்சாருக்கும் மாறாத ஒரே எண்தான். கதவு திறந்தால் அந்த எண்ணைக் காற்றில் வீசிவிட்டுச் சென்சார் தூங்கிவிடும். ஹப்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. பேட்டரி செத்துப்போனாலும், யாராவது பிடுங்கி எறிந்தாலும் ஹப்புக்குத் தெரியாது. அந்தச் செட்டின் ரிமோட்டும் மாறாத எண்ணையே அனுப்பினால், அதைப் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பி அலாரத்தை அணைத்துவிடவும் முடியும். இருவழி அமைப்பில் செய்தி குறியாக்கம் செய்யப்பட்டுப் போகும். சென்சார் அவ்வப்போது ‘நான் இருக்கிறேன்’ என்று ஹப்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றால் ஹப் உங்களிடம் சொல்லும். விலை கூடத்தான். இந்த ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, சிம். ஹப்பைத்தான் கடையில் பேனல் என்றும் சொல்வார்கள். பழைய வகைப் பேனல்கள் 2ஜியில் மட்டும் இயங்கும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. அந்தச் சிம்மைப் போட்டுவிட்டு ‘பேனல் டப்பா’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 4ஜி பேனலாகப் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது, ஹப்புக்குள் பேட்டரி இருக்கிறதா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது.

3. ஹப்புக்கு இடம் பிடியுங்கள்

எதையும் சுவரில் ஒட்டும் முன் இதை முடியுங்கள். ஹப் இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் ஒவ்வொரு சென்சாரின் தொடர்பும் அமையும். பின்னால் ஹப்பை நகர்த்தினால் எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும்.

வீட்டின் நடுப்பகுதி, நெஞ்சு உயரம் அல்லது அதற்கு மேல், திறந்த இடம். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய கண்ணாடி ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். இரும்பும், கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் தடுக்கும், திருப்பியடிக்கும். ரவுட்டரிலிருந்தும் ஒரு மீட்டராவது விலகியிருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும் சென்சார்கள் என்றால் வைஃபையோடு மோதும்.

முன்வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவே கூடாது. உள்ளே வருபவருக்கு அலாரத்தை அணைக்க முப்பது வினாடி அவகாசம் கொடுத்திருப்போம். அந்த முப்பது வினாடியில் கண்ணெதிரே ஹப் இருந்தால் உடைத்துவிடுவார்கள்.

இடம் முடிவானதும், சென்சாரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவுக்கும் போய் ஐந்து தடவை இயக்கிப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்தும் ஹப்பில் பதிவாக வேண்டும். நான்கு வந்தால் போதாது. ஆப்பில் சிக்னல் அளவு காட்டினால் ஒவ்வொரு இடத்துக்கும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையை, நீங்கள் ஊருக்குப் போகும்போது வீடு எப்படிப் பூட்டியிருக்குமோ அதே நிலையில் செய்யுங்கள். விவேக் நகரில் சித்தி வீட்டில் மாடிச் சென்சார் பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும், ராத்திரியானால் தொடர்பு அறுந்துவிடும். இரண்டு நாள் தேடினோம். படிக்கட்டின் கீழே ஓர் இரும்புக் கதவு; ராத்திரியில் மட்டும்தான் அதைச் சாத்துவார்கள். கான்கிரீட் தளம் ஏற்கெனவே சிக்னலைக் குறைத்திருந்தது, மிச்சத்தை அந்தத் தகடு தடுத்துவிட்டது. ஹப்பை மேல் தளத்துக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது.

4. கரண்ட் போனால் என்ன ஆகும்?

நம் ஊரில் மழை நாலு சொட்டு விழுந்தாலே கரண்ட் போகும். ஹப்புக்குள் பேட்டரி இருக்கும், சரி. ரவுட்டருக்கு? ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் தனியாக ஒரு பெட்டி இருக்கும். அதற்கும் மின்சாரம் வேண்டும். அது அணைந்தால் ஹப் உயிரோடு இருந்தும் ஊமை.

ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். வாங்கும் முன் இரண்டு அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், பெரும்பாலும் 12 இருக்கும். ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து, அதைவிட அதிகம் கொடுக்கும் யுபிஎஸ்ஸாக எடுங்கள். குறைவாக இருந்தால் ரவுட்டர் விட்டு விட்டு மறுதொடக்கம் ஆகும், காரணமே பிடிபடாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள், ரவுட்டரின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். அனேகமாக இருக்காது.

அடுத்ததை அழுத்திச் சொல்கிறேன். ஊருக்குக் கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் ஒரு பழக்கம். அப்பா அம்மா சொல்லிக்கொடுத்த நல்ல பழக்கம்தான். ஆனால் மெயினை அணைத்தால் யுபிஎஸ் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஹப்பின் பேட்டரியும் பின்னாலேயே தீர்ந்துவிடும். பொங்கலுக்கு நான்கு நாள் போனால் மூன்று நாள் வீடு காவலில்லாமல் கிடக்கும். மெயினை விட்டுவிட்டு, பலகையில் ஒவ்வொரு சுவிட்சாக அணையுங்கள்: கீசர், ஏசி, மோட்டார், சமையலறை. ஹப்பும் ரவுட்டரும் இருக்கும் லைன் மட்டும் ஓடட்டும். எது எந்த லைன் என்று பலகைக்குள் எழுதி ஒட்டிவிட்டால் ஒவ்வொரு தடவையும் தடவ வேண்டாம்.

ஹப்பில் சிம்மும் போட்டுவிடுங்கள். இணையம் போனாலும் அது இன்னொரு வழி. போடும் முன் அதே சிம்மை ஒரு போனில் போட்டு, சிம்மின் பூட்டு எண் (PIN) கேட்பதை எடுத்துவிடுங்கள்; கேட்டால் ஹப் அங்கேயே நின்றுவிடும். ரீசார்ஜ் தேதியை உங்கள் காலண்டரில் ஏற்றுங்கள். பிராட்பேண்ட் கட்டணத் தேதியையும் கூட.

5. கதவு சென்சார்

இதற்குள் இருப்பது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு துண்டில் காந்தம், இன்னொன்றில் காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் நுண்ணிய சுவிட்ச். கதவு திறந்தால் காந்தம் விலகும், சுவிட்ச் மாறும், செய்தி போகும்.

பேட்டரி உள்ள பெரிய துண்டு அசையாத கதவுச் சட்டத்தில் ஒட்டப்படட்டும், காந்தம் கதவில் இருக்கட்டும். காற்றில் கதவு படார் என்று சாத்தும்போது பெரிய துண்டு அதிர்ந்து விழாமல் இருக்க இதுதான் வழி. இரண்டையும் கீல் இல்லாத பக்கம், மேலே வையுங்கள். கீல் பக்கம் வைத்தால் கதவு நன்றாகத் திறந்த பிறகும் காந்தம் அதிகம் விலகியிருக்காது. துண்டுகளின் ஓரத்தில் ஒரு கோடோ முக்கோணமோ இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி.

மரக் கதவு மழைக்காலத்தில் ஊதும், மார்ச்சில் சுருங்கும். இடைவெளியை விளிம்பில் வைத்திருந்தால் பருவம் மாறும்போது சாத்திய கதவையே ‘திறந்திருக்கிறது’ என்று சொல்லும். இரும்புக் கதவில் நேராக ஒட்டினால் இரும்பு காந்தப் புலத்தை இழுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை வையுங்கள், அல்லது இரும்புக் கதவுக்கென்றே வரும் பெரிய காந்த வகையை வாங்குங்கள்.

டிஸ்டெம்பர் அடித்த சுவரில் டேப் நிற்காது, பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வரும். மரச் சட்டத்தில், ஸ்பிரிட்டால் துடைத்துக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். மாடிக் கதவுக்கு ஸ்க்ரூ போடுவதே மேல். வெயில் டேப்பின் பசையை இளக்கிவிடும்.

6. நடமாட்ட சென்சார்

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். இதில் கேமரா எதுவும் இல்லை. மனித உடம்பு வெளிவிடும் வெப்பக் கதிரைத்தான் இது பார்க்கிறது. முன்னால் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பல விசிறித் துண்டுகளாகப் பிரிக்கிறது. வெப்பமான ஒன்று ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாண்டும்போது சென்சார் விழித்துக்கொள்கிறது.

ஆகவே ஆள் அதை நோக்கி நேராக வந்தால் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும். குறுக்கே நடந்தால் உடனே. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள். கூடத்தின் மூலையில், ஏழு எட்டடி உயரத்தில், திருடன் அறைகளுக்குப் போகும் பாதை அதன் முன்னால் குறுக்காக அமையும்படி வையுங்கள். பீரோ இருக்கும் அறைக்குப் போக எப்படியும் கூடத்தைத் தாண்டியாக வேண்டும். அந்த இடம்தான் கணக்கு.

ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள். அது கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் ஆளைக் காணாது, ஆனால் வெயில் பட்டுச் சூடான திரைச்சீலை காற்றில் ஆடினால் கண்டுவிடும். ஏசியின் காற்று, ஃபிரிட்ஜின் பின்பக்கம், சாமி மாடத்தில் எரியும் விளக்கு, எதுவும் அதன் பார்வையில் வேண்டாம். ஏப்ரலில் அறைச் சூடு 34, 35 டிகிரிக்கு ஏறும்போது உடம்புக்கும் அறைக்கும் வித்தியாசம் குறைந்துவிடும், சென்சார் மந்தமாகும். டிசம்பரில் சோதித்துவிட்டு அப்படியே விடாமல் கோடையிலும் ஒருமுறை சோதியுங்கள்.

பல்லியை மறந்துவிடாதீர்கள். தூரத்தில் சுவரில் ஓடும் பல்லி பிரச்சினை இல்லை. லென்ஸ் மேலேயே ஏறினால் அதற்கு அது ஓர் ஆள் அளவு. சென்சாரைச் சுற்றி டியூப்லைட் இல்லாத இடமாகப் பாருங்கள், பூச்சி வரும் இடத்துக்குத்தான் பல்லி வரும். பின்மூடியில் ஓட்டை இருந்தால் சிலிகான் வைத்து அடையுங்கள், எறும்பும் குட்டிக் கரப்பானும் உள்ளே குடியேறாது.

இன்னொன்று. பேட்டரியை மிச்சப்படுத்த, ஒருமுறை ஆளைப் பார்த்ததும் பல சென்சார்கள் ஒன்றிரண்டு நிமிடம் தூங்கும். முதல் தடவை வேலை செய்தது, இரண்டாவது தடவை இல்லை என்று பதறிப் போன் செய்பவர்கள் எல்லோரும் இதில்தான் மாட்டுகிறார்கள். சோதனை முறை என்று ஒன்று இருக்கும், அதில் போட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் மூன்று நிமிடம் அறையில் யாரும் அசையாமல் விட்டுவிட்டு மறுபடி நடங்கள்.

7. அவகாசமும் முறைகளும்

வெளியே போகும் அவகாசத்தை ஊகத்தில் வைக்காதீர்கள். பையைத் தோளில் மாட்டி, செருப்பைப் போட்டு, எல்லாப் பூட்டையும் பூட்ட எவ்வளவு ஆகிறது என்று அளந்து, அதோடு பதினைந்து வினாடி சேர்த்து வையுங்கள். உள்ளே வர முப்பது வினாடி பெரும்பாலும் போதும். இந்த அவகாசம் முன்வாசலுக்கு மட்டும்தான். மாடிக் கதவும் பின்கதவும் திறந்த கணமே அலறட்டும். நீங்கள் அந்த வழியாக வீட்டுக்குள் வரப்போவதில்லை.

ராத்திரி முறையில் கதவுகள் விழித்திருக்க, உள்ளே இருக்கும் நடமாட்ட சென்சார்கள் அணைந்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்த பாட்டி சைரனில் பயந்துபோனால், மறுநாளே வீட்டில் எல்லோரும் சேர்ந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு அலாரத்தை அணைக்கத் தனி எண் கொடுத்து, நீங்களே இரண்டு தடவை அவரை அழுத்த வைத்துப் பழக்குங்கள்.

8. கேமரா இப்போதுதான்

கேமரா நடந்ததைக் காட்டும். நடக்கும்போது சத்தம் போட்டுத் தடுக்கும் வேலை சென்சாருக்கும் சைரனுக்கும் உரியது. அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

பெரும்பாலான வீட்டுக் கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரவுட்டர் 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் இணைக்கும்போது தகராறு வரும், தனிப்பெயர் கொடுத்துவிடுங்கள். முகம் தெரிகிற உயரத்தில் மாட்டுங்கள். கூரையோரம் மாட்டிய கேமராவில் தலைமுடிதான் தெரியும். எதிர்வீட்டு வாசல் படத்தில் விழாமல் திருப்புங்கள், அவர்களும் மனிதர்கள். ராத்திரி விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். கேமரா முகத்தில் வலை கட்டினால் விடிய விடிய ‘ஆள் நடமாட்டம்’ என்று போன் அடிக்கும். வாரம் ஒருமுறை துடையுங்கள்.

மெமரி கார்டுக்குக் கணக்கு: வினாடிக்கு ஒரு மெகாபிட் என்று ஓடும் கேமரா ஒரு நாளில் சுமார் 11 ஜிபி எழுதும். 128 ஜிபி கார்டில் பதினோரு நாள் பதிவு நிற்கும். இரண்டு மெகாபிட் என்றால் அதில் பாதி. கேமராவைக் கழற்றிக்கொண்டு போனால் கார்டும் போய்விடும், அதனால் வாசல் கேமராவுக்காவது பதிவு வேறு இடத்தில் சேர வேண்டும்.

9. போனும் கடவுச்சொல்லும்

ஆப்பை நிறுவினால் மட்டும் போதாது. பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். அந்த ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ முறையிலும் சத்தம் வர அனுமதியுங்கள். திருட்டு நடப்பது நீங்கள் போனை அமைதியில் போட்டுத் தூங்கும் நேரத்தில்தான்.

தொழிற்சாலையிலிருந்தே வரும் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் 2016இல் மிராய் என்ற நிரல் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. மாற்றிவிடுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போடுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், ஆப்பில் அவர்களை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். பிறகு ஒருவரை நீக்க வேண்டி வந்தால் எளிது.

10. சாவி யாரிடம் இருக்கிறது?

நீங்கள் தர்மபுரியில் இருக்கும்போது போன் அடித்தால் என்ன செய்வீர்கள்? பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகக்கூடிய இரண்டு பேரின் பெயர் வேண்டும், அவர்களிடம் சாவி வேண்டும், அவர்கள் போனிலும் எச்சரிக்கை வர வேண்டும். ஆள் உள்ளே இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் அவர்கள் கதவைத் தொடாமல் 112ஐ அழைக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் முதல் தடவை சைரன் தவறாக அலறியபோது நான் வெளியில் இருந்தேன். மேல் வீட்டு அக்காவுக்கு அடித்துக் கேட்டால், “சத்தம் கேட்டுச்சுப்பா, எவனோ கார் அலாரம்னு நினைச்சு ஜன்னலைச் சாத்திட்டேன்” என்றார். அன்று மாலையே மூன்று வீட்டுக்காரர்களையும் அழைத்து, பத்து வினாடி சைரனை ஒலிக்கவிட்டுக் காட்டினேன். இதுதான் எங்கள் வீட்டுச் சத்தம் என்று அவர்கள் காதுக்குத் தெரிய வேண்டும்.

11. ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே செய்யுங்கள், ஏதாவது கோளாறு என்றால் மாற்ற நாள் இருக்கும். எல்லாக் கதவையும் சாத்தி, அலாரத்தைப் போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய் நில்லுங்கள். வீட்டிலிருக்கும் தம்பி மாடிக் கதவைத் திறக்கட்டும். போன் அடிக்க எத்தனை வினாடி ஆகிறது? அடுத்து ரவுட்டரை அணைத்துவிட்டு அதே சோதனை. இப்போது சிம் வழியாக வர வேண்டும். அதற்கடுத்து மெயினை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. கடைசியில் ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றி வைத்து, அது காணவில்லை என்று ஹப் எப்போது சொல்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் பல மணி நேரம் ஆகும், அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் மாதம் ஒருமுறை, ஒவ்வொரு கதவையும் ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தால் போதும். பேட்டரி மாற்றும்போது அந்தத் தேதியைச் சென்சாரின் மூடிக்கு உள்ளே பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த தீபாவளிக்கு டிக்கெட் போடும் அன்றே அந்த மூடிகளைத் திறந்து தேதியைப் பாருங்கள்.